நடுவர் கண்ட எரிகல்

பல் மருத்துவரம்மா இடுக்கியை வாய்க்குள் விட்ட அதே நொடியில், அவருடைய முதுகுக்குப் பின்னால் சன்னலில் வானம் பச்சையாக எரிந்தது.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த கால்பந்து நடுவருக்குக் கண் பிதுங்கிவிட்டது.

பூசணிக்காய் பருமனில் ஒரு நெருப்பு. பின்னால் நீள வால். இருட்டியும் இருட்டாத வானத்தை அது சாவகாசமாகக் கடந்துபோய், எதிர்க் கட்டட மொட்டைமாடிக்கு மேலே இரண்டாக உடைந்து அவிந்தது.

"ஆங்ங! ஆங்க!" என்று கையை நீட்டினார்.

மருத்துவரம்மா திரும்பவே இல்லை. "போன தடவையும் இப்படித்தான் சன்னலக் காட்டினீங்க. நான் திரும்பறதுக்குள்ள படியிறங்கி ஓடிட்டீங்க."

உண்மைதான். அதனால்தான் இந்த முறை அவர் மனைவி அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காவல் இருந்தாள்.

மைதானமே எழுந்து நின்று திட்டினாலும் அசராத மனிதர். ஒரு கடைவாய்ப் பல்லுக்குத்தான் இந்தப் பாடு.

பல் வந்தது. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வெளியே வந்தால், வரவேற்பறைத் தொலைக்காட்சியில் செய்தி. வானில் எரிகல், பார்த்தவர்கள் வான் ஆய்வு மையத்துக்குத் தெரிவிக்கலாம்.

நடுவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரே அவரைக் குருடன் என்கிறது. சொந்த மைத்துனனே பிறந்தநாளுக்குப் பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தான். இன்றைக்கு அவர் பார்த்திருக்கிறார்!

திரையில் ஓடிய எண்ணைப் போனில் அழுத்தினார்.

"அச்சையா... ழெண்டா ஒழைஞ்சு..." பாதி உதடு மரத்துக் கிடந்தது.

"ஐயா, தெளிஞ்சதும் கூப்பிடுங்க" என்றது மறுமுனை.

நடுவர் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் செருப்பைக் கீழே போட்டு, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்த மருத்துவரம்மா போனை வாங்கினார்.

"குடிக்கலைங்க, பல்லு எடுத்திருக்கார். நான் சொல்றேன்." நடுவர் உளற உளற, அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். பச்சை நிறம். இடமிருந்து வலம். மொட்டைமாடிக்கு மேலே இரண்டாக உடைந்தது. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசிப் பழகிய காது.

"சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"அப்ப பல்லப் பிடுங்கிட்டிருந்தேன். இவர் சத்தம்தான் கேட்டுது."

நடுவருக்குக் கண் கலங்கியது. முதன்முறையாக, அவர் பார்த்ததாகச் சொன்னதை ஒருவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்கிறார்.

வேறு யாராவது பார்த்தார்களா என்று மறுமுனை கேட்டது.

மருத்துவரம்மா சற்றுத் தயங்கினார். சுவர்ப்பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் பார்த்தேன். இவர் வாய்க்குள்ள வச்சிருந்த குட்டிக் கண்ணாடியில. அதுல இடம் வலம் மாறித் தெரியும். இவர் சொன்னதையே எழுதிக்குங்க."