டார்க் மெரூன்

தேரடி வீதி பேன்சி ஸ்டோரில் அன்புச்செல்வியைப் பார்த்ததும் ரேணுகாம்பாளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

தம்பி பெண்டாட்டி நெயில் பாலிஷ் வாங்கிக்கொண்டிருந்தாள்! அதுவும் சும்மாவா? ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கட்டைவிரல் நகத்தில் ஒரு தீற்று. கடை வாசலுக்கு வந்து வெயிலில் காட்டிப் பார்ப்பது. உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய் அடுத்த பாட்டில்.

"இத விட கொஞ்சம் டார்க் மெரூன் இல்லையாண்ணா?"

கட்டின புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறான். மகராசிக்கு டார்க் மெரூன் கேட்கிறதாம்!

ரேணுகாம்பாள் கூப்பிடவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தம்பிக்கென்று கொண்டு வந்த வறுத்த மல்லாட்டைக் கடலைப் பையை இடுக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். இன்றைக்குத் தம்பி மாறனிடம் சொல்லிவிடுவது. அவனைக் கையோடு ஊருக்கு அழைத்துப் போய்விடுவது. கூடப் பிறந்தவள் ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற மாட்டாளா என்ன?

மாறன் கட்டிலில் கிடந்தான். அக்காவைப் பார்த்ததும் கோணிப்போன வாயால் சிரித்தான்.

"எங்கடா அவ?"

"ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிருக்காக்கா. பாவம், காலையில போனா சாயந்திரம்தான் வரா."

ஜவுளிக்கடையாம்! ரேணுகாம்பாளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் எங்கே சொல்வது? அவளையே நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தாள்.

சந்தில் கார் நுழையாது. மாறனின் டாக்சி எப்போதும் தெருமுனைக் காலிமனையில்தான் நிற்கும். கிரிவலம் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அவன் சுற்றிச் சுற்றிச் சோறு சம்பாதித்த மெரூன் வண்டி. அதன் பக்கத்தில் அன்புச்செல்வி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அதே பாட்டில்.

"வூடு பத்தி எரியறப்ப ஒனக்கு சிங்காரம் கேக்குதாடி?"

அன்புச்செல்வி தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். அவள் விரல்களில் கட்டைவிரலைத் தவிர வேறு எதிலும் சாயம் இல்லை. கார்க் கதவில்தான் நீளமாக ஒரு கீறல். அதில் பாதி தூரத்துக்கு மெரூன் புள்ளிகள்.

"அண்ணி... அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"இன்னாத்தச் சொல்லக் கூடாது?"

"ஜவுளிக்கடை எல்லாம் பொய் அண்ணி. வண்டிய நான்தான் ஓட்டறேன். காலையில பள்ளிக்கூடப் பசங்க, அப்புறம் கிரிவலப் பாதையில சவாரி. கத்துக்குட்டிதானே, அங்கங்க இடிச்சுக்கறேன். இன்னிக்கி அடி அண்ணாமலைகிட்ட ஒரு ஆட்டோ ஒரசிட்டுப் போயிடுச்சு."

"ஷெட்டுல விட வேண்டியதுதானே?"

"அங்க கேக்கற காசு இருந்தா அவருக்கு மாத்திரை வாங்கிடுவேனே. உப்புத்தாள்ல லேசா தேச்சு, இத புள்ளி புள்ளியா வெச்சு, காயவுட்டு இன்னொரு வாட்டி வெச்சா தூரத்துக்குத் தெரியாதுன்னு போன்ல பார்த்தேன். கலர் சேர்றதுதான் கஷ்டம்."

"ஏண்டி, மாறன்கிட்ட சொல்லிட்டே ஓட்டேன். ஒழைச்சு சாப்பிடறதுல இன்னா தப்பு?"

அன்புச்செல்விக்குக் கண் நிரம்பிவிட்டது.

"இனிமே அவரு வண்டி ஓட்டவே முடியாதுன்னு டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு அண்ணி. நான் அவருகிட்ட, பொங்கலுக்குள்ள எழுந்துடுவீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். சாயந்திரம் வாசல்ல ஒக்கார வெச்சா மொதல்ல வண்டியத்தான் பார்ப்பாரு. அது அவரு விட்ட மாதிரியே நிக்கணும். வேற கை பட்டுச்சுன்னு தெரிஞ்சா, நம்ம கதை முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்க மாட்டாரா?"

ரேணுகாம்பாளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் மூச்சு விட மாட்டேன். நீ அழாத. கை நடுங்கினா புள்ளி பெருசாயிடப் போகுது."

சாயந்திரம் மாறனை இரண்டு பேருமாகத் தூக்கி வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் கண் நேரே தெருமுனைக்குத்தான் போனது.

"வண்டிய கிட்டப் போய்ப் பார்த்தியாக்கா? எப்படி இருக்கு?"

"அதுக்கு இன்னாடா? நீ விட்ட மாதிரியே இருக்கு. பொங்கலுக்கு என்னை ஏத்திக்கினு மலைய சுத்தப் போற பாரு!"

அன்புச்செல்வி நன்றியோடு அண்ணியைப் பார்த்துவிட்டு டீ போட உள்ளே போனாள்.

அவள் போய்விட்டாளா என்று பார்த்துக்கொண்டு மாறன் குரலைத் தாழ்த்தினான்.

"நீயுமாக்கா?"

"இன்னாடா? நான் இன்னா பண்ணேன்?"

"எட்டு வருஷம் ஓட்டின வண்டி. அதோட சத்தம் எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துல தெனமும் ரெண்டு வாட்டி ஆஃப் ஆயி ஆயித்தான் கெளம்பும். இப்பல்லாம் ஒரே வாட்டில எடுத்துடறா. நல்லா கத்துக்கினா." சொல்லும்போதே அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை.

"அடப்பாவி! தெரியும்னு அவகிட்ட சொல்லித் தொலையேண்டா. அவ எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு சாகணும்?"

மாறன் தலையை அசைத்தான்.

"வாணாம்க்கா. தெரியும்னு சொல்லிட்டா, நான் எழுந்திரிக்க மாட்டேன்றதும் எனக்குத் தெரியும்னு ஆயிடும். என்னை நம்ப வெக்கணுமேன்னுதான் அவ இதுவரைக்கும் எம்முன்னால ஒரு நாள் கூட அழல."