டில்லரியைத் திட்டுகிறவன்

"டில்லரியா? வீணாப்போனவன் அவன், கிரேடி. இல்லேன்னு சொல்ற ஆளு இந்த ஊர்ல இருந்தா போன் பண்ணட்டும்."

அமெரிக்காவின் யங்ஸ்டவுன் நகர வானொலியில் சனிக்கிழமை மத்தியானம் விளையாட்டு அரட்டை. நேயர்கள் போனிலேயே அடித்துக்கொள்வார்கள். நடத்துகிற கிரேடி நடுவில் எண்ணெய் ஊற்றுவார். ஆனால் இன்று என்னத்தை ஊற்றுவது? ரோஸ்கோ டில்லரி என்ற பழைய ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரனைப் பற்றிப் பேச, இந்த வெஸ்லியை விட்டால் நாதியில்லை.

"வாராவாரம் இதே பல்லவிதானா வெஸ்லி? முதல்ல உங்க ரேடியோவைக் குறைங்க, இரையுது. இன்னிக்கு வேற யாரும் கூப்பிடலைன்னா டில்லரி பேச்சை மூட்டை கட்டிடறேன். ஃபுட்பால் சீசன் வந்தாச்சு."

"அப்படிப் பண்ணிடாதீங்க." வெஸ்லியின் குரல் பதறியது. "ஒத்தை இடது கையை வெச்சே சாம்பியன் ஆயிருக்கலாம். குடிச்சான். ஜெயிலுக்குப் போனான். பட்டத்துக்கான சண்டைக்குத் தொப்பையோட வந்து நின்னான். சோம்பேறி. ஈரமில்லாதவன்."

"உங்களுக்கு அவன் என்னய்யா பண்ணினான்?"

"அவனை நம்பினேன். நாசம் பண்ணிட்டான்."

அதற்குள் இன்னொரு அழைப்பு வந்துவிட்டது. கிரேடி வெஸ்லியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை எடுத்தார்.

"மில்லி கோவாச் பேசறேன். யாரு அந்த வாய்க்கொழுப்பு எடுத்தவன்? ஈரமில்லாதவனாம்ல. டில்லரி ஜெயில்ல இருந்து வந்த வருஷம் என் வீட்டுக்காரர் காலை உடைச்சுக்கிட்டுக் கிடந்தாரு. குளிர்காலம் பூரா எங்க வாசல் பனியை அள்ளிப் போட்டது அவன்தான். ஒரு காபி வாங்கிக் குடிச்சிருப்பானா?"

"பட்டம் ஜெயிக்கலையேம்மா?"

"நீ என்னத்தை ஜெயிச்சுக் கிழிச்சே?"

கிரேடி சிரித்துவிட்டார். "இப்ப எங்கே இருக்கார்?"

"செத்துட்டான்கிறாங்க. நான் நம்பலை. இதைக் கேட்டான்னா ஒரு வேளை சாப்பிட வரச் சொல்லு."

பிறகு போன் ஓயவே இல்லை. இரும்பாலையில் வேலை பார்த்தவர், பஸ் ஓட்டுகிறவர், எல்லோரும் சேர்ந்து வெஸ்லியை வறுத்தெடுத்தார்கள். டில்லரியின் அந்த இடது கைக் குத்தை ஒவ்வொருவரும் நேரில் பார்த்தது போலச் சொன்னார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. சூப் அடிப்பிடிப்பது கூடத் தெரியாமல், ரேடியோவைப் பெரிதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான் வெஸ்லி. வாரம் முழுக்க அவனோடு ஒரு வார்த்தை பேச ஆளில்லை. அடுத்த சனிக்கிழமை இதைவிட மோசமாக என்ன சொல்லலாம் என்று இப்போதே யோசித்தான்.

வெஸ்லி என்ற பேரில் தன்னைத் தானே திட்டினால்தான் ஊர் தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும் என்பதை ரோஸ்கோ டில்லரி எப்போதோ தெரிந்துகொண்டிருந்தான்.