காபியைக் குடிங்க!

"பெரியப்பா, மணி மூணாச்சு! அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள போய்ச் சேரலைன்னா லுஜைன் எனக்கு இல்ல!"

யஸன் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினான். அஜ்லூன் மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். முன்னால் ஒரு லாரி பாதையை அடைத்துக்கொண்டு நின்றுவிட, அரை மணி நேரமாக ஒரு வண்டியும் நகரவில்லை.

லுஜைனின் அப்பா கறார் பேர்வழி. அவளை அவளுடைய சித்தப்பா மகனும் கேட்டிருந்தான். 'அஸருக்குள் பெண் கேட்க வந்தால் உங்களுக்கு, தாண்டினால் அவனுக்கு' என்று சொல்லிவிட்டார். மூத்த மகன் ராக்கான் பிறந்த நாளிலிருந்து, ஊர் வழக்கப்படி, எல்லோருக்கும் அவர் 'அபூ ராக்கான்'. ராக்கானின் அப்பா. தெருவுக்கு ஒரு ராக்கான் இருக்கும் ஊர் அது. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமோ என்னவோ.

"அப்ப போன்லயே பொண்ணு கேட்டுடுவோம்" என்றார் நாயிப் பெரியப்பா.

"போன்லயா? அப்பா பின்னாடி கார்ல வர்றாரே, அவர் வரட்டும்."

"உங்கப்பன் எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறானோ! அவனுக்குச் சபையில பேச வராது. பேசப் போறது நான்தானே? எங்க பேசினா என்ன?"

பெரியப்பாவின் கைபேசித் திரை நொறுங்கிப் போய் ஒரு வாரம் ஆகிறது. அதனால் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் பெட்டி வழியாகத்தான் பேச்சு. வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பெட்டி. எதிர்முனையில் யார் பேசினாலும் வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவது போலவே கேட்கும்.

அவர் முதலில் பிளாஸ்க்கிலிருந்து ஒரு கிண்ணம் காபி ஊற்றி, ஸ்டீயரிங் பக்கத்துத் தட்டில் வைத்தார். பெண்ணைத் தருகிறேன் என்று சொல்லும்வரை அதைத் தொடக் கூடாது. காரில் இருந்தாலும் முறை முறைதானே.

பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பெட்டியைப் பார்த்துக் கத்தினார்.

"கூப்பிடு, அபூ ராக்கான்!"

"அபூ ராக்கானை அழைக்கிறேன்" என்றது பெட்டியிலிருந்த பெண் குரல்.

"அலோ?" என்றது வாளிக்குரல்.

"ஸலாம் சொல்றோம் பெரியவரே! பெரிய மனுஷங்க கூடி உங்க வாசலுக்கு வந்திருக்கோம்னு நினைச்சுக்குங்க. காபி எங்க முன்னால இருக்கு. யாரும் தொடல."

ஆண்கள் கூடிய சபையில் பெண்ணின் பெயரைச் சொல்வது மரியாதை இல்லை. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க வீட்டு ரத்தினத்தை எங்க பையன்…"

"வலப்பக்கம் திரும்பவும்" என்றது பெட்டி. வலப்பக்கம் பள்ளத்தாக்கு.

"எங்க பையன்…"

"உடனே வலப்பக்கம் திரும்பவும்."

"…அவனுக்குத் தரணும்னு கேக்குறோம்!" என்று ஒரே மூச்சில் முடித்தார்.

யஸன் கண்களை மூடிக்கொண்டான். பெட்டியிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

"எத்தனை வருஷமா இந்த வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா! இப்படி ஒருத்தர் வந்து கேக்க மாட்டாங்களான்னு!"

பெரியப்பாவும் யஸனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"கறார்னு சொன்னே? அழுறாரே!" என்று கிசுகிசுத்தார் பெரியப்பா.

"பையன் எப்படி?" என்றது குரல்.

"தங்கம்! சிகரெட்கூடத் தொட மாட்டான்."

"அது போதும். என் வீட்லயும் ஒரு தடிமாடு இருக்கான். பத்து மணி வரைக்கும் தூக்கம். அந்த மாதிரி இல்லாம இருந்தாச் சரி."

"சேச்சே! எங்க பையனா?" என்றார் பெரியப்பா. யஸன் பலமாகத் தலையாட்டினான்.

"ஒண்ணு மட்டும் மறைக்க மாட்டேன். எங்க பொண்ணுக்குக் கொஞ்சம் வாய் நீளம். கோபம் வந்தா செருப்பு பறக்கும்."

யஸன் திகைத்தான். "லுஜைனா? அவ வாயே திறக்க மாட்டாளே!"

"எல்லாரும் கல்யாணத்துக்கு முன்னாடி அப்படித்தான்" என்றார் பெரியப்பா அனுபவத்தோடு. பிறகு பெட்டியிடம், "செருப்பையும் சேர்த்தே ஏத்துக்கிறோம்! நாங்க குடுக்க வேண்டிய மஹர் எவ்வளவு?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்! அழைச்சுக்கிட்டுப் போனாப் போதும். குடுத்தேன்! காபியைக் குடிங்க!"

பெரியப்பா ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். இருவரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். யஸன் கண்ணீரும் சிரிப்புமாக ஹாரனை விடாமல் அடித்தான். என்ன ஏது என்று தெரியாமலே முன்னும் பின்னும் நின்ற வண்டிகளும் சேர்ந்து அடித்தன. அந்தச் சந்தோஷ இரைச்சலில், மலைக்கு மேலிருந்து வந்த அஸர் பாங்கைக்கூட அவன் பதற்றமில்லாமல் கேட்டான்.

அப்போது பின்னாலிருந்து யாரோ ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்கள். யஸனின் அப்பா. காரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். கண்ணெல்லாம் ஈரம்.

"அப்பா! முடிஞ்சுது! பொண்ணைக் குடுத்துட்டாங்க!" என்று கத்தினான் யஸன்.

"அல்லாவே, ஒரே நாள்ல ரெண்டு கல்யாணமா!" அப்பா ஜன்னல் வழியாகவே அண்ணனைக் கட்டிக்கொண்டார். "நம்ம பொண்ணு முனீராவையும் இப்பத்தான் யாரோ ஒரு நல்ல மனுஷர் போன்லயே பொண்ணு கேட்டாரு அண்ணே! அவசரத்துல நம்பரைப் பார்க்கல, சந்தோஷத்துல யாரு என்னன்னு கேக்கக்கூட மறந்துட்டேன். ஆனா ஊர்ல நானும் ஒரு அபூ ராக்கான் இல்லையா, வாக்குன்னா வாக்குதானே? 'குடுத்தேன், காபியைக் குடிங்க'ன்னு சொல்லிட்டேன்!"