ஆயுத பூஜைத் தும்மல்

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ஒற்றைச் சொல் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கிரியேட்.

நேற்று மாலை அதை மாற்றாமலேயே விட்டுவிட்டாள்.

கண் மருத்துவமனையின் கணினி அறை. பூஜைக்காக எல்லாவற்றையும் அணைத்திருந்தார்கள். திரைகளின் ஓரத்தில் அவள் சற்றுமுன் வைத்த சந்தனம், ஈரக் குங்குமம். மூலையில் மாலை போட்ட இரண்டு சர்வர்கள். ஒன்றில் நோயாளிகளின் பட்டியல். மற்றதில் அவள் இரண்டு மாதமாக ஜாவா ஃபிரேம்வொர்க்கில் கட்டிய புது மென்பொருள். இரண்டுக்கும் நடுவே ஒரு நீலக் கேபிள்.

புது மென்பொருள் இன்றுதான் முதன்முதலாக ஓடப்போகிறது. நல்ல நேரம் பத்தே முக்காலுக்கு.

அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி உண்டு. தொடங்கும்போது பட்டியலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரி. அங்கே கிரியேட் என்று இருந்தால், உள்ளதை அழித்துவிட்டு வெறும் பட்டியல் ஒன்றைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். வீட்டு மடிக்கணினியில் பழகும்போது அது வசதி. தினம் பத்து முறை அழித்திருக்கிறாள். அந்த நோயாளிகள் எல்லாரும் அவளே கற்பனை செய்தவர்கள்.

இங்கே இருப்பவர்கள் அப்படியல்ல.

நான்கு நாள் முகாமில் பார்த்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்கு இடது கண், யாருக்கு வலது, என்ன லென்ஸ். காகிதத்தில் ஒன்றுமே கிடையாது. கடைசியாக நகல் எடுத்தது முகாமுக்கு முந்தைய சனிக்கிழமை. நாளை காலை அறுவைச் சிகிச்சைக்கு முதல் பேருந்து வந்துவிடும்.



வாயைத் திறந்து சொல்லிவிடலாம். ஆனால் தனக்குக் காட்டாமல் சர்வரில் எதையும் ஏற்றக் கூடாது என்று பிரிவுத் தலைவர் தெய்வசிகாமணி சார் மூன்று முறை சொல்லியிருந்தார். நேற்று அவர் முகாமில் இருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏற்றிவிட்டாள்.

பதினோரு வருடமாக ஆயுத பூஜையன்று சர்வரைத் தொடங்குவது சார்தான். ஜாவாவைக் கரைத்துக் குடித்தவர். இருந்தாலும் ராகு காலத்தில் ஒரு பென்டிரைவைக்கூடச் செருகமாட்டார்.

முதல் சர்வர் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

கை இரண்டாவது பெட்டிக்குப் போனது.

அவள் தும்மினாள்.

வராத தும்மல். வரவழைத்த ஒற்றைத் தும்மல்.

மணியடித்துக்கொண்டிருந்த நர்ஸ் மணியை நிறுத்தினாள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். சார் கையை எடுத்துக்கொண்டார். சகுனம் சரியில்லை என்றால் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஐந்து நிமிடம் கிடைத்தது.

கிடைத்து என்ன? கோப்பு அணைந்த பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டியைப் போட்ட மறுகணம் மென்பொருள் தானாகவே ஓடும். அப்படி அமைத்தவளும் அவள்தான். பெரிய கெட்டிக்காரி.

சுண்டல் தட்டு சுற்றி வந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

உதிர்ந்த பூவைப் பொறுக்குகிறவள்போலச் சர்வருக்குப் பின்னால் குனிந்தாள். நீலக் கேபிளின் முனையைப் பிடித்தாள்.

இதை உருவிவிட்டால் மென்பொருளால் பட்டியலை எட்ட முடியாது. எட்ட முடியாததை அழிக்கவும் முடியாது. ஆனால் எழுந்திருக்காமல் பாதியிலேயே படுத்துவிடும். பூஜையன்று, இத்தனை பேர் முன்னால், சார் கை வைத்தது முதல்முறையாக விளங்காமல் போகும்.

பாவமாக இருந்தது. உருவிவிட்டாள்.

சார் எழுந்தார். சுவிட்சைப் போட்டார்.

திரையில் வரிகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு சிவப்பாயின.

சாரின் முகம் சுண்டிப்போனது.

தான் பார்ப்பதாகச் சொல்லி அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோப்பைத் திறந்தாள். கிரியேட்டை அழித்தாள். வேலிடேட் என்று அடித்தாள். உள்ளதைச் சரிபார்த்துக்கொள், கை வைக்காதே என்று பொருள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக விழுந்தது. சேமித்துவிட்டுத்தான் மூச்சுவிட்டாள்.

திரும்பினால் சாரைக் காணவில்லை.

அவர் சர்வருக்குப் பின்னால் குந்தியிருந்தார். கையில் நீலக் கேபிள். அதன் முனையில் ஈரக் குங்குமத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

ஒயர்களில் பொட்டு வைக்கக் கூடாது என்று காலையில் எல்லாரையும் தடுத்தவர் அவர்தான்.

எழுந்து அவள் விரல்களைப் பார்த்தார். திரையில் திறந்து கிடந்த வரியைப் பார்த்தார். அங்கேயே நெடுநேரம் பார்த்தார்.

"மாத்திட்டியாம்மா?"

அவளுக்கு மட்டும் கேட்கிற குரல்.

தலையாட்டினாள்.

வேட்டி நுனியால் அந்தக் குங்குமத்தைத் துடைத்தார். கேபிளைச் செருகினார். கழன்றிருந்தது என்று மட்டும் மற்றவர்களிடம் சொன்னார். பெட்டியை அணைத்து மறுபடி சுவிட்சைப் போட்டார்.

வரிகள் ஓடி நின்றன. திரை மலர்ந்தது. முகாம் நோயாளிகள்: அறுநூற்றுப் பன்னிரண்டு.

மணி மறுபடி அடித்தது. யாரோ கைதட்டினார்கள்.

சார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

இந்த முறை யாரும் தும்மவில்லை.