உம் கொட்டிய வகுப்பு

"கடல் தண்ணிதான் ஆவியாகி மேகமாகுது," என்றது ரேடியோ.

"உம்," என்றார்கள் பிள்ளைகள்.

மேகம் காற்றோடு வந்து மலையில் முட்டுகிறது என்றது. அதற்கும் ஓர் உம் விழுந்தது.

கதவோரம் முக்காலியில் இருந்த அப்துல் அலீமுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை.

அலீம் மதுரையில் வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவன். வாத்தியார் இல்லாமல் ரேடியோவே பாடம் நடத்திவிடும் என்று பேராசிரியரிடம் அடித்துச் சொல்லிவிட்டு ஆராய்ச்சியில் இறங்கியிருந்தான். கல்லூரி ரேடியோப் பெட்டியை இரவல் வாங்கி, திருச்சியிலிருந்து மதியம் வரும் பள்ளிக்கூடப் பாடத்தை மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினான்.

மூன்று ஊரிலும் ஒரே கதை. முதலில் உம் கொட்டினார்கள். அப்புறம் உம் தேய்ந்தது. அப்புறம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். வாடிப்பட்டிப் பக்கம் வாத்தியாரும் சேர்ந்து குறட்டை விட்டார்.

சமணமலை அடிவாரத்து இந்த ஊர்தான் கடைசி. இங்கேயும் தூங்கினால் கட்டுரை குப்பைக்கு. கட்டுரை போனால் பட்டம் போச்சு. பட்டம் வாங்காமல் நிக்காஹ் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சாயிரா பானுவின் அத்தா கறாராகச் சொல்லியிருந்தார்.

காலையில் குதிரை வண்டியை விட்டு இறங்கியதுமே இத்தனையையும் தலைமை ஆசிரியர் விருமாண்டியிடம் கொட்டித் தீர்த்துவிட்டான். அவரோ, முதலில் கை நனைக்க வேண்டும் என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். ரேடியோவை எடுத்துப் பொருத்தி வைக்கிற வேலையை உதவி ஆசிரியர் காசிமாயன் பார்த்துக்கொள்வாராம்.

குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் முடிந்து திரும்பியபோது பெட்டியை அடையாளமே தெரியவில்லை. ஊருக்குள் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைத்துத்தான் தொடுவார்களாம். உயரமான மேசை, தரையைத் தொடும் சிவப்புச் சேலை, அதன்மேல் பெட்டி. முகம் முழுக்கச் செவ்வந்தி மாலை. காசிமாயனைக் காணோம். வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விட்டாராம்.

விருமாண்டி குமிழைத் திருகி, பெட்டி பேச ஆரம்பித்ததிலிருந்து அலீம் இந்த உலகத்தில் இல்லை.

கருப்பசாமி கோயில் தாமரைக்குளம் வற்றினால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ரேடியோ கேட்டது. பேசுகிறவர் நம் பக்கத்து ஆள் போலிருக்கிறது என்று அலீமுக்குப் பெருமையாக இருந்தது.

நடுவில் ஒரு கன்றுக்குட்டி ஜன்னலில் எட்டிப் பார்த்தது. வகுப்பே அந்தப் பக்கம் திரும்பியது. ரேடியோவும் நின்றுவிட்டது. திருச்சியில் ஏதோ கோளாறு என்று அலீம் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். பிள்ளைகள் திரும்பி, "உம்," என்றதும் ரேடியோவில் மழை மறுபடி பெய்யத் தொடங்கியது.

பாடம் முடிந்து கேள்வி கேட்டான். தங்கப்பொண்ணு என்ற பொடிசுகூட, மேகம் மலையில் முட்டி மேலே ஏறிக் குளிர்வதை, கையை ஆட்டி ஆட்டி விளக்கியது. அலீம் அதைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

புறப்படும்போது விருமாண்டியே பெட்டியை வண்டியில் ஏற்றினார். எல்லாம் ஏற்றியாகிவிட்டது என்றார். காசிமாயனும் வழியனுப்ப வந்தார். வேர்த்து ஒழுகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். குரல் எழும்பவில்லை. வயிற்று வலி தொண்டைக்கு ஏறிவிட்டதாம். அலீம் அனுதாபப்பட்டான்.

வண்டிக்காரர் முகைதீன் பிச்சை, குதிரையை மேய விட்டு மலையடியில் வண்டிக்குள்ளேயே மதியத்தைக் கழித்தவர். நல்ல தெம்போடு ஒரு கதையை ஆரம்பித்தார். இதே குதிரை, ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுபோய் வேறொரு கல்யாண வீட்டில் இறக்கிய கதை. அலீம் சாயிரா பானுவை நினைத்துக்கொண்டு வந்தான்.

கதை பாதியில் நின்றது.

"உம் கொட்டுங்க தம்பி. நீங்க கேக்குறீகளா தூங்குறீகளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயம்தான் என்று பட்டது அலீமுக்கு. இன்றைக்கு ரேடியோகூட உம்முக்குக் காத்திருந்துதானே பேசியது.

காத்திருந்தது.

திருச்சியில் இருக்கிறவருக்கு இங்கே பிள்ளைகள் உம் கொட்டியது எப்படிக் கேட்டது?

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். வைக்கோலுக்கு அடியில் ஏதோ முட்டியில் இடித்தது. விலக்கிப் பார்த்தான். கோணிச் சாக்கு. சாக்குக்குள் ரேடியோவின் பேட்டரி. திராவகம் சிந்திவிடும், யாரும் தொடாதீர்கள், நானே இறக்குகிறேன் என்று காலையில் சொன்னவன் அவன்தான். அப்புறம்தான் விருமாண்டி கையைப் பிடித்துச் சாப்பிட இழுத்துப்போனார். பேட்டரி வண்டியை விட்டு இறங்கவே இல்லை; அது இல்லாமல் பெட்டி பேசாது.

அலீமுக்கு முகம் சுண்டிப்போனது. நொடி நேரத்தில், சேலை மறைத்த மேசைக்கடியில் காசிமாயன் மடங்கிக் கிடந்த கோலம் மனக்கண்ணில் வந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரேடியோ ஜெயித்த ஒரே பள்ளிக்கூடத்தில் ரேடியோ வாயே திறக்கவில்லை.

மற்ற மூன்று ஊரிலும் திறந்தது. பிள்ளைகள் உம் கொட்டக் கொட்ட, காதில் வாங்காமல் தன் போக்கில் பேசிக்கொண்டே போனது. அவர்கள் ஏன் தூங்க மாட்டார்கள்?

தோற்றுவிட்டேன் என்று பேராசிரியரிடம் நேராகச் சொல்லிவிடலாம். ஏன் தோற்றேன் என்றும் இனிச் சொல்லலாம். சாயிரா பானுவின் அத்தா கேட்டது பட்டம்தான். ரேடியோ ஜெயிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

வண்டியைத் திருப்பவா என்று கேட்டார் முகைதீன் பிச்சை.

"வேணாம்ண்ணே. அந்த மாப்பிள்ளை என்ன ஆனாரு?"

இறக்கிய வீட்டிலும் ஒரு பொண்ணு மாலையோடு நின்றுகொண்டிருந்தது என்றார் அவர். சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"உம்," என்றான் அலீம்.