ரெமோன் பட்டாளம்

கோட்டை வாசலில் அவள் மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

"ரெமோன் பட்டாளம்."

காவல் சிப்பாய் புதுச்சேரிக்காரன். அலுத்துக்கொண்டான், ஆனால் விரட்டவில்லை.

"அப்படி ஒரு பட்டாளமே இப்ப கெடையாது தங்கச்சி. வெள்ளக்காரன் பட்டாளத்துக்குக் கர்னல் பேருதான் பேரு. ரெமோன் தொர காய்ச்சல்ல போய்ட்டாரு, அந்தப் பேரும் அவரோட போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரு மாறிடுச்சு."

"ஆளுங்க?"

"உள்ள நாலு பட்டாளம் கெடக்கு. எது முன்னாடி எதுவா இருந்துச்சோ, யாரு கண்டா?"

ஆளின் பெயரைக் கேட்டான். ழான் என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். அத்தனை கவலையிலும் அவளுக்கும் சிரிப்பு வந்தது. கோட்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஏதாவது ஒரு ழான் மேல்தான் விழும்.

அவள் புருஷனுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. கல்யாணத்தன்று பாதிரியார் நீட்டி முழக்கிச் சொன்னார். அது அவள் நாக்கில் நிற்கவே இல்லை.

காரைக்காலில் அவன் கப்பலேறியபோது அவளுக்கு ஆறு மாதம். பிறகு எத்தனையோ கப்பல்கள் வந்தன. போன வாரம் ஒரு படகுக்காரன்தான் சொன்னான், ரெமோன் பட்டாளத்து ஆட்கள் புதுச்சேரியில் இறங்கிவிட்டார்கள் என்று. பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

பட்டாளத்தின் பெயர்கூடச் செத்துப்போகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

முகத்தைத் துடைக்கப் பையனின் கையை விட்டாள்.

அவ்வளவுதான். உள்ளே ஒரு சேவல் போயிற்று. பையன் சிப்பாயின் காலிடுக்கில் புகுந்து அதன் பின்னால் ஓடினான்.

முற்றத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உட்கார்ந்து பொத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"டேய், ரெமோன்!"

ஞானஸ்நானத்தன்று அவளுக்குப் புருஷன் பெயரில் பாதிதான் தெரிந்திருந்தது. முழுதாகத் தெரிந்த ஒரே பெயரைப் பிள்ளைக்கு வைத்திருந்தாள்.

முற்றத்தில் கைகள் நின்றன.

ஒரு நரைத்தலை எழுந்து விறைப்பாக நின்றது. பிறகு இன்னொன்று. காலுறை தைத்துக்கொண்டிருந்தவன் ஊசியோடு எழுந்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

எழுந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்க ஆரம்பித்தார்கள்.

நாவிதன் முன்னால் இருந்த ஒருவன் மட்டும் எழவில்லை. பாதி முகம் நுரை. அவன் பையனைப் பார்க்கவில்லை. கத்திய குரல் வந்த வாசலைப் பார்த்தான்.

காவல் சிப்பாய் வழிவிட்டான். வழிவிடு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

மாலை அணிவகுப்பில் ஒருவன் ஒரு பக்கம் மட்டும் மழித்த முகத்தோடு நின்றான்.

சார்ஜண்ட் பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு ழானாகக் குரல் கொடுத்தார்கள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, அதில் இல்லாத ஒரு பெயரையும் கூப்பிட்டார்.

"ரெமோன்."

பையன் வெட்கப்பட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

புதுக் கர்னல் எதற்கோ கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய ஆட்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் உள்ளேன் என்றார்கள்.