ஐந்தரை மணிக் குரல்

சனூஸா வாயைத் திறக்கவில்லை.

மேசையில் பக்கம் விரிந்து கிடந்தது. நான்கே நான்கு வரி. பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு தோணிப் படம் வேறு.

"வாசி பிள்ளை" என்றாள் நிருஜா டீச்சர், மூன்றாவது தரமாக. பிள்ளை தோணியைப் பார்த்தாளே தவிர எழுத்துப் பக்கம் திரும்பவில்லை.

பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க வந்திருந்த கல்வி வலயத்து ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். தாளில் என்னவோ கிறுக்கினார். "இந்தப் பிள்ளையையோ வாசிக்கும் எண்டு எழுதியிருக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கும் நிற்காமல் போய்விட்டார்.

நிருஜாவின் மானம் கப்பலேறிவிட்டது. துறைமுகம் பக்கத்தில்தானே, ஏறுவதற்கு அதிக தூரமும் இல்லை.

நூலக மூலையில் நடக்கிற உதவி வகுப்பு அது. மூன்றாம் ஆண்டுக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு. பதினொரு பிள்ளைகள், ஒரு நீட்டு மேசை, ஒரு டீச்சர், அரை மணித்தியாலம். ஆளுக்கு மூன்று நிமிடம்கூட வராது. இந்தக் கணக்கை மேலே இருக்கிறவர்களுக்கு யார் விளங்கப்படுத்துவது?

சுவரில் நீல மட்டையில் ஒரு கடல். அதில் பிள்ளைக்கொரு கடதாசி வள்ளம். எழுத்து, சொல், வரி, கதை என்று வாசிப்பு ஏற ஏற வள்ளமும் ஏறும். மேல் வரிசையைத் தொட்ட பிள்ளை வகுப்பை விட்டுப் போகலாம்; அந்த இடத்துக்கு அடுத்த பிள்ளை வரும்.

சனூஸாவின் வள்ளம் மேல் வரிசையில் நின்றது. ஏற்றியது நிருஜாவேதான். நாளையோடு சனூஸாவுக்கு இந்த வகுப்பு இல்லை.

எல்லாம் அந்தக் குரலை நம்பித்தான்.

வீட்டில் தினமும் ஒரு தாள் வாசித்து, தாயின் போனில் பதிந்து, வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பெயர் வெட்டு. இது நிருஜா போட்ட சட்டம். வெருட்டாவிட்டால் ஒருத்தரும் அனுப்பமாட்டார்கள், பட்ட அனுபவம்.

சனூஸாவின் குரல் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. விடிய ஐந்தரைக்கு வந்து விழும். பின்னால் இடியப்பம் அவிகிற சீறல். அதற்குள் மெல்லிய, சின்னக் குரல். மாசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத் தடுமாறியது. சித்திரையில் சொல் சொல்லாக வந்தது. இப்போது முழுக் கதை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் சிரித்து.

சாம்பல்தீவிலிருந்து வரும் பஸ்ஸில் போனைக் காதில் வைத்துக் கேட்டு, பிழைகளைத் திருத்தித் தன் குரலில் திருப்பி அனுப்பி, எத்தனை நாள் நெஞ்சு குளிர்ந்திருப்பாள் நிருஜா! வகுப்பில் பிள்ளை ஊமையாக இருப்பதைக் கூச்சம் என்றுதான் நினைத்தாள். சரியான மடைச்சி.

வாசலில் சனூஸாவைக் கூட்டிப் போக வந்து நின்ற தாய் றுக்கியாவை உள்ளே கூப்பிட்டாள். அபாயாக் கையில் மா ஒட்டியபடி வந்து, மகளின் கதிரைக்குப் பின்னால் நின்றாள் றுக்கியா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். அதிகம் கதைக்கமாட்டாள்.

நிருஜா போனை எடுத்து அன்று காலை வந்த குரலைப் போட்டுவிட்டு மேசையில் வைத்தாள். "ஆரைக் கொண்டு வாசிப்பிச்சனீங்கள்? என்னை ஏமாத்தினது கிடக்கட்டும். இந்தப் பிள்ளைக்கு எட்டு மாசம் போச்சே!"

சொல்லும்போதே கண் முட்டிவிட்டது. நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.



போனில் குரல் கதையை முடித்தது. கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது.

"காலையில் தோணி கரைக்கு வந்தது. கூடை நிறைய மீன் இருந்தது…"

நிருஜா நிமிர்ந்தாள். அது இன்றைய சோதனைப் பக்கம். நேற்றுவரை உறைக்குள் ஒட்டிக் கிடந்த பக்கம், எந்த வீட்டுக்கும் போகாதது.

போனைப் பார்த்தாள். போன் எப்போதோ நின்றிருந்தது.

சனூஸாவின் தலைக்கு மேலால் குனிந்து, மா ஒட்டிய விரலை வரியில் வைத்து, றுக்கியா நான்காவது வரிக்கு வந்திருந்தாள். முடித்த பிறகுதான் இரண்டு பேரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு விரலை இழுத்துக்கொண்டாள்.

"நான் ரெண்டாம் வகுப்போட நிண்டவள் டீச்சர். இவள் தாளைக் கண்டாலே அழுவாள். பேர் வெட்டுப்படக் கூடாதெண்டு முதல் நாள் நான் எழுத்துக் கூட்டி அனுப்பின. பொறகு… விட மனம் வரல்ல."

நிருஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரில் என்றுதான் தெரியவில்லை. எட்டு மாதமாக நிருஜா ஓர் ஆளை வாசிக்கப் பழக்கியிருக்கிறாள், சரியாகத்தான் பழக்கியிருக்கிறாள், ஆனால் மேசையில் இருந்த பிள்ளை இன்னும் தோணிப் படத்தையே தடவிக்கொண்டிருந்தது.

எழும்பிப் போய் சனூஸாவின் வள்ளத்தைக் கழற்றி, அடி வரிசையில் குத்தினாள். ஊசி விரலில் ஏறியது. சனியன்.

"அப்ப, நாளையில இருந்து அனுப்பத் தேவல்லையா டீச்சர்?"

கேட்டது அதே ஐந்தரை மணிக் குரல்.

நிருஜா விரலைச் சூப்பிக்கொண்டே திரும்பினாள். கோபம் இன்னும் இறங்கவில்லை.

"அனுப்புங்கோ" என்றாள். "ஆனா இனி ரெண்டு குரல் அனுப்போணும்."